பயணத்துக்கும் ஒரு பாஸ்புக் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளமையில் ஊர் சுற்றிப் பார்ப்பதா, முதுமைக்குச் சேர்த்துவைப்பதா என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் சில வாரங்களாக நடந்துவரும் வாதத்தைத் தொடர்ந்து படித்துவருகிறேன். உடம்பில் தெம்பு இருக்கும்போதே நாலு இடம் போய்வந்துவிட வேண்டும் என்று ஓர் இளைஞர் எழுதியிருந்தார். சம்பாத்தியம் இருக்கும்போதே நாலு காசு ஒதுக்கிவிட வேண்டும் என்று ஓய்வுபெற்ற ஒருவர் அதை மறுத்து எழுதியிருந்தார். இருவருமே 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்ற பழமொழியையே துணைக்கு அழைத்திருந்தார்கள். ஒருவர் இளமையைக் காற்று என்கிறார், மற்றவர் வருமானத்தைக் காற்று என்கிறார். இரண்டும் காற்றுதான், இரண்டுமே நிற்கக்கூடியவைதான் என்பதால் இருவர் பேச்சிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீடு வீடாகப் போய்ச் சேமிப்புப் பணம் வாங்கிக் கட்டியவள் என்ற முறையில், இருவரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் 1995 முதல் 2023 வரை 28 ஆண்டுகள் சேலம் அம்மாபேட்டையிலும் பொன்னம்மாபேட்டையிலும் அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராக இருந்தேன். மாதம் பிறந்தால் தறிக்காரர் வீடுகளுக்கும், கொலுசுப் பட்டறைகளுக்கும், மளிகைக் கடைகளுக்கும் போய் ஆர்.டி. எனும் தொடர் வைப்புக் கணக்கின் மாதத் தவணையை வாங்கி, அட்டையில் எழுதி, அஞ்சலகத்தில் கட்டிவிட்டு வருவது என் வேலை. நான் தொடங்கிய காலத்தில் மாதம் 10 ரூபாய்க்குக்கூடக் கணக்குத் திறக்கலாம். இப்போது குறைந்தது 100 ரூபாய். ஐந்தாண்டு முடிந்ததும் முதிர்வுத் தொகையை வாங்கும் நாளில் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதையும் அவர்களே என்னிடம் சொல்வார்கள். மகள் கல்யாணம், மகன் கல்லூரி, வீட்டுக்குத் தளம், மருத்துவமனை, அடகில் இருக்கும் நகை என்று சொல்வார்கள். 'வயசான காலத்துக்கு' என்று கணக்குத் திறந்தவர்களின் பணமும் பெரும்பாலும் இந்த வழிகளில்தான் போயிற்று. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, குடும்பம் என்றால் அப்படித்தான். ஆனால் 'எங்கேயாவது போய்வரலாம் என்று கட்டினேன்' என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சேமித்தவர்கள் முதுமைக்கும் சேமிக்கவில்லை, பயணத்துக்கும் சேமிக்கவில்லை, அடுத்து வரப்போகும் செலவுக்குத்தான் சேமித்தார்கள் என்பதே நான் கண்ட உண்மை.

என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் குழித்தறியில் உட்கார்ந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நெய்தவர். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் வடக்கே சேர்வராயன் மலை சுவர் எழுப்பியதுபோல் தெரியும். மாடியில் வடாம் காயப்போட்டிருக்கும் நாட்களில் அவருக்கு மழைக் குறி சொல்வது அந்த மலைதான். உச்சி மறைந்துவிட்டால் வடாத்தை எடுத்துவிடச் சொல்வார். ஆண்டு முழுவதும் பார்த்த அந்த மலைக்கு அவர் வெகுகாலம் போனதே இல்லை. சேலத்திலிருந்து அந்த மலைமேல் இருக்கும் ஏற்காடு ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். ஒரு புடவை நெய்த கூலியில் கால்வாசி இருந்தால் குடும்பத்தோடு போய்த் திரும்பியிருக்கலாம். போகாததற்குப் பணம் காரணமில்லை. தறியை ஒரு நாள் நிறுத்துவதற்கு ஒரு காரணம் வேண்டும், சும்மா பார்த்துவிட்டு வருவது அவருக்கு ஒரு காரணமாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

2006ஆம் ஆண்டு, அவருக்கு 68 வயதானபோது, சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம் நான் வற்புறுத்தி அழைத்துக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு ஜன்னலோரம் தலையை நீட்டி, கீழே சேலம் எந்தப் பக்கம், நம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மலை உச்சியில் இருக்கும் அந்தக் கோயில் ஒரு குகை. வாசல் தாழ்வாக இருக்கும், குனிந்துதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே இருக்கிறார்கள்; அந்தக் குகை காவிரி பிறக்கும் தலைக்காவிரி வரைக்கும் போகிறது என்பது மலைமக்களின் நம்பிக்கை. தறி மிதித்துத் தேய்ந்த முழங்கால்களோடும், நிமிரவும் வளையவும் மறந்துபோன முதுகோடும் என் தாயாரால் அந்த வாசலில் குனிய முடியவில்லை. இரண்டு முறை முயன்றார். பிறகு பாறையில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டு, கற்பூரத்தை என் கையில் கொடுத்து, 'நீ போயிட்டு வா' என்றார். நான் வெளியே வந்ததும் 'உள்ளே எப்படி இருக்கு?' என்று கேட்டார். இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது, பாறையில் ஈரம் கசிந்தது என்றேன். திரும்பி வரும் வழியில் பேருந்தில் இன்னும் இரண்டு முறை அதையே கேட்டார். நானும் இரண்டு முறையும் சொன்னேன்.

அவர் 2011இல் காலமானார். கடைசியாக நோயில் விழுந்தபோது அவர் பெயரில் அஞ்சலகத்தில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் இருந்தது. 68 வயதுவரை ஏற்காட்டுக்கே போகாமல் சேர்த்தவர் என்று இரக்கப்படத் தோன்றும், ஆனால் முழுக்கதை அப்படி இல்லை. கடைசி இரண்டு மாதங்கள் அவரை மருத்துவமனையில் வைத்திருந்தபோது அந்தப் பணம்தான் எங்களைக் காப்பாற்றியது. பிள்ளைகள் யாரும் கடன் வாங்கவில்லை, 'நீ எவ்வளவு போட்டாய், நான் எவ்வளவு போட்டேன்' என்ற பேச்சு எங்களுக்குள் வரவில்லை. அந்தக் கௌரவத்தை அவர் தனக்குத்தானே வாங்கிக்கொண்டு போனார் என்றே நினைக்கிறேன். ஆகவே சேமிப்பை இளக்காரமாகப் பேசும் எந்த வாதத்தையும் என்னால் ஏற்க முடியாது. அதே சமயம், அந்த ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் ஆயிரம் ரூபாய் குறைந்திருந்தால் மருத்துவமனையில் எதுவும் மாறியிருக்காது, ஆனால் நாற்பது வயதில் அந்தக் குகைக்குள் அவர் குனிந்து போய்வந்திருப்பார் என்பதும் எனக்கு மறக்கவில்லை.

இரண்டாவதாக, எங்கள் வீட்டிலேயே நடந்த ஒன்று. என் கணவர் தனியார் ஆலை ஒன்றில் கணக்கராக இருந்து 2018இல் ஓய்வுபெற்றார். அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் காசிக்குச் சேர்ந்து போய்வர வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. ரயிலில் 60 வயதைக் கடந்த ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 சதவீதமும், 58 வயதைக் கடந்த பெண்களுக்கு 50 சதவீதமும் சலுகை இருந்த காலம் அது. அண்ணனுக்கு அந்தச் சலுகை ஏற்கெனவே உண்டு. என் கணவருக்கு 60 நிறைவடைவது 2020 ஆகஸ்டில் என்பதால், அதுவரை பொறுத்துப் போகலாம் என்று அண்ணன் தம்பி இருவரும் முடிவு செய்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகையும் அதே மாதத்தில் நிறுத்தப்பட்டது. மீண்டும் வரும் என்று காத்திருந்தோம். சலுகையும் வரவில்லை, 2021இல் இரண்டாம் அலையில் அண்ணனும் போய்விட்டார்.

நாங்கள் 2022 நவம்பரில் முழுக் கட்டணம் செலுத்திக் காசிக்குப் போனோம். கங்கைக் கரையில் உட்கார்ந்திருந்தபோது என் கணவர் தன் சட்டைப் பையிலிருந்து அண்ணனுடைய சின்ன நாட்குறிப்பை எடுத்தார். காசி, கயை, அலகாபாத் என்று ஊர்களை வரிசையாக எழுதி, எந்த ஊரில் எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று நான்கு பேருக்கும் அவர் கணக்குப் போட்டிருந்தார். ரயில் கட்டணத்துக்கு நேரே 'சலுகை போக' என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தது. அந்தச் சலுகையால் மிச்சமாகியிருக்கக்கூடிய தொகை நான்கு பேருக்கும் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய்தான். அதற்காகக் காத்திருந்தது தவறு என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, இருவருமே கணக்குத் தெரிந்தவர்கள். பணத்துக்கு வட்டி உண்டு, உடம்புக்கு வயது உண்டு என்றெல்லாம் பேசுகிறவர்கள், பயணத்தில் கூட வருகிறவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. போக வேண்டிய ஊர் எத்தனை ஆண்டானாலும் அங்கேயே இருக்கும், யாரோடு போக நினைத்தோமோ அவர் அப்படி இருப்பார் என்று எந்த அஞ்சலகமும் உறுதி தருவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இளைஞர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. என்னிடம் பணம் கட்டிவந்த ஓர் அம்மையார், துணி தேய்த்துக் கொடுத்துப் பிழைப்பவர், மகனைப் பொறியியல் படிக்கவைத்தார். அவன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டே நண்பர்களோடு வெளிநாட்டுக்குப் போய்வந்தான். கிரெடிட் கார்டில் போனான். மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்று நினைத்துவிட்டான். அந்தக் கார்டுகளில் மீதித் தொகைக்கு மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடுகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 40 சதவீதத்தை நெருங்கும், இது நம் ஊர்க் கந்துவட்டிக்காரர்களுக்குச் சளைத்ததல்ல. 2023 தொடக்கத்தில், நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, அந்த அம்மையார் தன் ஆர்.டி. கணக்கை முடித்துப் பணம் எடுக்க வேண்டும் என்றார். மூன்றாண்டு முடிந்துவிட்டதால் இடையில் முடிக்க விதி இடம் கொடுக்கிறது, ஆனால் ஆர்.டி. வட்டி கிடைக்காது, சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னேன். தேய்ப்புப் பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த மேசையின் மீதே விண்ணப்பத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான். நல்ல பிள்ளை. அவன் வெளிநாடு போனதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தன் பணத்தில் போகாததுதான் குறை, அந்தப் பயணத்தின் செலவை முடிவில் ஒரு தேய்ப்புப் பெட்டி கட்டும்படி ஆனதுதான் குறை.

அதே பிள்ளையிடம் அன்று ஒரு கணக்கையும் போட்டுக் காட்டினேன். மாதம் 5,000 ரூபாயை ஆண்டுக்கு 8 சதவீத வருமானம் தரும் ஒன்றில், மாதாமாதம் கூட்டு வட்டி சேரும்படி, 25 வயதிலிருந்து 60 வரை போட்டுவந்தால் ஏறக்குறைய ஒரு கோடியே 14 லட்சம் சேரும். அதையே 35 வயதில் தொடங்கினால் ஏறக்குறைய 47 லட்சம்தான். முதல் பத்தாண்டில் அவன் போடும் பணம் வெறும் 6 லட்சம், ஆனால் முடிவில் அதனால் வரும் வித்தியாசம் 60 லட்சத்துக்கு மேல். ஒரு கோடி என்றதும் அவன் முகம் மலர்ந்தது, ஆகவே அடுத்த பாதியையும் சொல்லவேண்டியதாயிற்று. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 35 ஆண்டுக்குப் பிறகு அந்த ஒரு கோடிச் சொச்சம் இன்றைய 15 லட்சத்துக்குத்தான் சமம். இளமையில் தொடங்கியே ஆக வேண்டும் என்பதற்கும் இந்தக் கணக்குதான் சாட்சி, எல்லா இன்பத்தையும் அந்தக் கோடிக்காக அடகுவைக்கக் கூடாது என்பதற்கும் இந்தக் கணக்குதான் சாட்சி.

மாதச் சம்பளக்காரர்களுக்குச் சேமநல நிதி (பி.எஃப்.) என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் கேட்காமலேயே சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது, முதலாளி பங்கும் சேர்கிறது. ஆனால் அதோடு வரும் ஓய்வூதியத்தை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014இல் நிர்ணயித்தார்கள். பஞ்சாலைகளில் காலமெல்லாம் உழைத்துவிட்டு அதைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்குகிறவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். எங்கள் பகுதியில் பெரும்பாலானோர்க்கு அதுவும் இல்லை. கொலுசு வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். வெள்ளி வளையங்களை ஒவ்வொன்றாகக் கோத்து, ஊதிப் பற்றவைத்து, சலங்கை மணி வைத்து முடிக்கும் அந்த வேலைக்குக் கூர்மையான கண் வேண்டும். ஐம்பது வயதில் கண் மங்கினால் வேலை கை மாறிவிடுகிறது. தறிக்காரருக்கு முதுகும் முழங்காலும் முதலில் போகின்றன. அரசு ஊழியர்க்கு ஓய்வு 60இல் வருகிறது, இவர்களுக்கு அது அறிவிப்பில்லாமல் பத்தாண்டு முன்னதாகவே வந்துவிடுகிறது. எனவே 'இளமையில் அனுபவி' என்பதும் இவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும், 'இளமையில் சேர்த்துவை' என்பதும் இவர்களுக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று இவர்களிடம் சொல்வது நியாயமே இல்லை.

இவர்களின் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அடல் ஓய்வூதியத் திட்டம். 2015இல் வந்தது, 18 முதல் 40 வயது வரை சேரலாம், வருமான வரி கட்டுகிறவர்கள் மட்டும் சேர முடியாது. 60 வயதில் மாதம் 5,000 ரூபாய் ஓய்வூதியம் வேண்டுமானால் 18 வயதில் சேர்கிறவர் மாதம் 210 ரூபாய் கட்டினால் போதும். 25 வயதில் சேர்ந்தால் 376 ரூபாய், 40 வயதில் சேர்ந்தால் 1,454 ரூபாய். அந்த 5,000 விலைவாசியோடு சேர்ந்து ஏறாது என்பதால் அதை வைத்து மட்டும் வாழ முடியாது, ஆனால் அரிசிக்கும் மருந்துக்கும் பிறர் கையை எதிர்பார்க்காமல் இருக்க அது ஒரு பிடிமானம். கொஞ்சம் வருமானம் உள்ளவர்கள் 15 ஆண்டுப் பொது வருங்கால வைப்பு நிதியில் (பி.பி.எஃப்.) போடலாம், ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும். அவசரத்துக்குச் சட்டென்று எடுக்க முடியாதே என்று பலர் அதைக் குறை சொல்வார்கள். முதுமைக்கான பணத்தில் அது குறையல்ல, குணம். எளிதில் எடுக்க முடிந்த பணத்தையெல்லாம் கல்யாணமும் கட்டடமும் கொண்டுபோனதை நான் 28 ஆண்டுகள் என் கையாலேயே பூர்த்தி செய்து கொடுத்த படிவங்களில் பார்த்திருக்கிறேன்.

முதுமைக்கு இப்படிப் பூட்டிவைத்துவிட்டால், பயணத்துக்கு என்ன செய்வது என்ற கேள்வி வரும். நம் வீடுகளுக்குப் பெயர் சொல்லிச் சேமிக்கத் தெரியாமல் இல்லை. தீபாவளிச் சீட்டு கட்டுகிறோம், நகைச் சீட்டு கட்டுகிறோம், திருப்பதிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசை வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் யாரும் தொடுவதில்லை. எடப்பாடி மக்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தே போகிறார்கள், வயதான பெண்களும் கைக்குழந்தைகளும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அந்த நாட்களில் தறி நிற்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. நம் முன்னோர் பயணமே செய்யாதவர்கள் அல்லர். சாமியின் பெயரைச் சொன்னால் தாராளமாகப் போனார்கள், சாமியின் பெயர் இல்லாத பயணத்தை ஊதாரித்தனம் என்றார்கள். ஒரு மலையை மலைக்காகவும், ஒரு கடலைக் கடலுக்காகவும் பார்த்துவிட்டு வருவதில் என்ன பாவம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதில் பெண்களின் நிலை தனி. கல்யாணத்துக்கு முன்பு எங்கேயாவது போக ஆசைப்பட்டால், 'புருஷன் வந்து கூட்டிட்டுப் போவான்' என்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை வளரட்டும் என்கிறார்கள். குழந்தை வளர்ந்ததும் அதற்குப் பரீட்சை, பிறகு கல்யாணம், பிறகு பேரப்பிள்ளை. 'இளமையில் ஊர் சுற்று' என்று எழுதிய அந்தத் தம்பி, இதில் எந்த ஆண்டை ஒரு பெண்ணின் இளமை என்று எடுத்துக்கொள்வார் என்று அறிய விரும்புகிறேன். சனி ஞாயிறுகளில் கன்னங்குறிச்சிச் சாலை வழியாகவும் ஏற்காடு அடிவாரம் வழியாகவும் இளைஞர்கள் வண்டிகளில் கூட்டம் கூட்டமாக மலையேறிப் போவதைப் பார்க்கிறேன், மகிழ்ச்சிதான். அந்தக் கூட்டத்தில் பெண்பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்து போவதை எப்போதாவதுதான் பார்க்கிறேன். 2021 முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றான பிறகு, காரணம் ஏதும் சொல்லாமல் வீட்டைவிட்டு இறங்கும் துணிச்சல் பல பெண்களுக்கு வந்திருப்பதை எங்கள் தெருவிலேயே கண்டிருக்கிறேன். அந்தத் துணிச்சல் இன்னும் சில மைல் தூரம் போக வேண்டும்.

இதற்கு ஒரு வழியை நான் கண்டுபிடிக்கவில்லை, என் வாடிக்கையாளர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 2012 ஜூன் மாதம் பொன்னம்மாபேட்டையில் நான்கு பெண்கள் என்னைக் கூப்பிட்டார்கள். மூவர் கொலுசு வேலை செய்கிறவர்கள், ஒருவர் சத்துணவுக் கூடத்தில் இருப்பவர். ஆளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் நான்கு ஆர்.டி. கணக்குத் திறக்க வேண்டும், இந்தப் பணம் வீட்டுக்கு இல்லை, கன்னியாகுமரி போவதற்கு என்றார்கள். பாஸ்புக்கின் அட்டையில் பேனாவால் 'குமரி' என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக்கொடுத்தேன். அந்த ஐந்தாண்டுக்குள் அவர்கள் வீடுகளில் ஒரு கல்யாணம் நடந்தது, ஒரு சாவு நடந்தது, ஒருவரின் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மூன்று முறையும் 'அந்தக் குமரிப் பணத்தை எடுத்தால் என்ன' என்ற பேச்சு வந்தது. மூன்று முறையும் மற்ற மூவர் சேர்ந்து வேறு வழி பார்த்துக் கொடுத்தார்கள். பெயர் எழுதியிருந்ததாலும், நான்கு பேர் சேர்ந்து கட்டியதாலும்தான் அது நிலைத்தது. பெயரில்லாத பணமாக இருந்திருந்தால் முதல் கல்யாணத்திலேயே சீர்வரிசையாகப் போயிருக்கும்.

2017 ஜூனில் ஆளுக்கு 15,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வந்தது. போனார்கள், நான்கு நாள் இருந்தார்கள், மிச்சப் பணத்தில் ஆளுக்கொரு குடை வாங்கிக்கொண்டு வந்தார்கள். முப்பது ஆண்டுகளாகச் சலங்கை மணி கோத்தவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மறுமாதம் தவணைக்குப் போனபோது, வேலையை நிறுத்தாமலேயே என்னிடம் சொன்னார்: 'கடல் பெரிசா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்கம்மா. இவ்வளவு சத்தம் போடும்னு ஒருத்தரும் சொல்லலியே.' அப்போது அவருக்கு 46 வயது. படி ஏறினார், படகில் போனார், மணலில் ஓடினார். இப்போது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, கொலுசு வேலையை விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கடலை அவரிடமிருந்து யாரும் எடுத்துவிட முடியாது, அதைப் பற்றி அவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருப்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த மாதமே 'மைசூர்' என்று எழுதி இரண்டாவது பாஸ்புக்கைத் தொடங்கினார்கள். ஊரடங்கில் சில தவணைகள் விட்டுப்போயின, பிறகு சேர்த்துக் கட்டினார்கள், 2022இல் போய்வந்தார்கள். இதை எழுதும்போது, ஐந்தாண்டுக்கு ஒரு முறைதானா என்று இளைஞர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வருமானம் கூடுதலாக உள்ளவர்கள் கூடுதலாகக் கட்டலாம். 2023 அக்டோபரில் நிர்ணயித்த 6.7 சதவீத வட்டிக்கு மாதம் 1,000 ரூபாய் கட்டினால் ஐந்தாண்டில் 71,000 ரூபாய்க்கு மேல் வரும், குளிர்காலத்தில் இமயமலை அடிவாரம் வரை ஒருவர் போய்வரலாம். ஆண்டுக்கொரு முறை போக வேண்டுமென்றால் வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்பு இருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் நம்மைச் சுற்றியே எவ்வளவு இருக்கிறது! ஆடிப் பதினெட்டுக்கு மேட்டூர், எழுபது வளைவுகள் ஏறிக் கொல்லிமலை, தண்ணீர் வரும் காலத்தில் ஒகேனக்கல். ஏற்காட்டுக்கே மே மாத மலர்க் காட்சிக் கூட்டத்தில் போய் அறை வாடகைக்கு அழவேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை பெய்த சில நாட்களில் காப்பித் தோட்டங்கள் வெள்ளையாகப் பூத்துவிடும், மல்லிகை போன்ற அந்த மணம் சாலை வரைக்கும் வரும். வாரநாள் ஒன்றில் காலைப் பேருந்தில் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆங்கிலேயர் கால ஆட்சியர் காக்பர்ன் 1820களில் அந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார், அது பூப்பதை ஒருமுறைகூடப் பார்க்காத தலைமுறைகள் அடிவாரத்திலேயே வாழ்ந்து முடிந்திருக்கின்றன. அதில் என் தாயாரும் ஒருவர்.

ஆகவே தங்கள் பகுதியில் எழுதிய இருவரிடமும் என் வேண்டுகோள் இதுதான். பெரியவர், தன் பேரப்பிள்ளைகளிடம் சேமிக்கச் சொல்லும்போது எதற்காக என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அந்தக் காரணங்களில் ஒன்றாகப் பயணத்தையும் வெட்கப்படாமல் சேர்க்க வேண்டும். தம்பி, முதல் சம்பளத்திலேயே முதுமைக்கு ஒரு சிறுதொகையைக் கைக்கெட்டாத இடத்தில் பூட்டிவைத்துவிட்டு, பயணத்துக்கு ஒரு தனிக் கணக்கைத் திறந்து, அந்தக் கணக்கில் உள்ள அளவுக்கு மட்டும் போக வேண்டும். இரண்டு கணக்கும் ஒன்றையொன்று தொடக் கூடாது. பயணப் பணம் முதிர்ந்த நாளில் 'இன்னும் கொஞ்சம் சேரட்டும்' என்று மறுபடியும் போட்டுவைக்கவும் கூடாது, அதற்குப் பெயர் சேமிப்பு இல்லை.

பொன்னம்மாபேட்டைப் பெண்கள் 2022 ஆகஸ்டில் மூன்றாவது பாஸ்புக்கைத் தொடங்கினார்கள். இந்த முறை தனுஷ்கோடி. கண் தெரியாதவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவது யார் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிட்டார்கள், சத்தம் கேட்டால் போதும் என்கிறார் அவர். அந்தக் கணக்கு 2027 ஆகஸ்டில் முதிர்கிறது. முதல் இரண்டு முறையும் அட்டையில் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்ததோடு நின்றுவிட்டேன். மூன்றாவதில் என் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கிறது, இந்த மாதத் தவணையை நேற்றுக் கட்டிவிட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறுசேமிப்பு முகவர்,
அம்மாபேட்டை, சேலம்.